உருவப்பட நகல் எங்கே பிசகுகிறது? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

பெரிய ஓவியர் ஒருவரின் உருவப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்துப் பழகுகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டுக் கோளாறுகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: கோளாறு தெரிகிற இடம் வேறு, பிறந்த இடம் வேறு. கண் கோணலாகத் தெரியும், பிழை தலையின் சாய்வில் இருக்கும். தோல் செத்த நிறமாகத் தெரியும், பிழை நிழலின் ஆழத்தில் இருக்கும். அதனால் தெரிகிற இடத்திலேயே உடனே பிரஷை வைக்காதீர்கள். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, செலவில்லாத சோதனையிலிருந்து வரிசையாக வாருங்கள்.

கையில் மூன்று வேண்டும்: மூல ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகமே வெளியிட்ட படம், அதன் கறுப்பு வெள்ளைப் பிரதி, ஒரு கைக்கண்ணாடி.

அறிகுறி 1: சாயல் வரவில்லை, வேறு யாரோ மாதிரி இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இது. காரணங்களும் அதிகம்.

*முகம் முழுவதும் நீண்டோ அகன்றோ இருந்தால்*

முதலில் கேன்வாஸின் அளவைப் பாருங்கள். ஜோஹன்னஸ் வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம். அதை 50 × 40 செ.மீ. கேன்வாஸில் நகலெடுக்க உட்கார்ந்து, மூலத்தையும் எட்டுக்கு எட்டு கட்டமாகப் பிரித்து, கேன்வாஸையும் எட்டுக்கு எட்டாகப் பிரித்தால் கட்டங்களின் வடிவமே மாறிவிடும். முகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீண்டுபோகும். எத்தனை கவனமாக வரைந்தாலும் அந்தப் பெண் வரமாட்டாள். 40 செ.மீ. அகலத்துக்கு உயரம் 45.6 செ.மீ.தான் வர வேண்டும். மீதி 4.4 செ.மீ. பட்டையை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கட்டங்களை மறுபடி போடுங்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிப் பேருடைய சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

*நெற்றி பெரிதாகி, தலை மேல்பக்கம் வீங்கினால்*

கேன்வாஸை மேசையில் படுக்கப் போட்டு வரைந்திருப்பீர்கள். சாய்வாகப் பார்க்கும்போது மேல்பகுதி குறுகித் தெரியும், கை அதை ஈடுகட்ட நீட்டி வரையும். நிமிர்த்தி வைத்ததும் நெற்றி பூதாகரமாகத் தெரியும். கேன்வாஸ் உங்கள் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும், மூலப்படமும் அதன் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்க வேண்டும். மூலப்படம் நீங்களே சாய்வாக எடுத்த போட்டோ என்றால் அதையும் மாற்றுங்கள்.

*அளவெல்லாம் சரி, ஆனாலும் ஆள் வேறு என்றால்*

இப்போதுதான் வரைபடத்துக்கு வருகிறோம். சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்.

கைக்கண்ணாடியில் இரண்டு படங்களையும் சேர்த்துப் பாருங்கள். பழகிப்போன கண் மன்னித்துவிட்ட கோணல் எல்லாம் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அப்புறம் இரண்டையும் தலைகீழாக வையுங்கள். முகம் என்ற நினைப்பு போய் வெறும் வடிவங்கள் மிஞ்சும்.

அடுத்தது தூக்குநூல். நூலில் ஒரு சின்ன எடையைக் கட்டி மூலத்தின் முன் பிடியுங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து நேராக இறங்கினால் நூல் மூக்குத் துவாரத்தைத் தொடுகிறதா, உதட்டோரத்தைத் தொடுகிறதா? நகலிலும் அப்படியே தொடுகிறதா? நான்கைந்து இடங்களில் இதைச் செய்தால் பிழை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது தெரிந்துவிடும்.

முக்கால்வாசி திரும்பிய முகங்களில் குற்றவாளி அநேகமாக ஒன்றுதான்: அந்தப் பக்கத்துக் கண். இரண்டு கண்ணும் ஒரே அளவு என்று மனம் அறிந்திருப்பதால், தூரத்துக் கண்ணையும் அதே அகலத்தில் போட்டுவிடுகிறோம். அதற்கு இடம் கொடுக்கக் கன்னம் வெளியே போகிறது, கன்னத்தோடு முகமே நேராகத் திரும்பிவிடுகிறது. மூக்குத்தண்டிலிருந்து தூரத்துக் கன்னத்தின் விளிம்பு வரை உள்ள இடத்தை மட்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

கடைசிச் சோதனை: மூலத்தை உங்கள் நகலின் அளவுக்கே ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு நகலின் மேல் வைப்பது. இது தப்பாமல் பிழையைக் காட்டும். அதனால்தான் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். முதலில் நீங்கள் கண்ணால் ஊகியுங்கள், அப்புறம் தாளை வைத்துச் சரிபாருங்கள். தாளிலேயே தொடங்கினால் படம் தேறும், கண் தேறாது.

*திருத்தும்போது*

தலையின் சாய்வு, தலையின் வெளிவடிவம், கண்களின் கோடு, மூக்கின் அடி, வாய் என்ற வரிசையில் திருத்துங்கள். உதடு சரியில்லை என்று உதட்டில் தொடங்க வேண்டாம். ஒரு உறுப்பு அரைக் கண் அகலத்துக்கு மேல் இடம் தவறியிருந்தால் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய முடியாது. பேலட் (வண்ணம் கலக்கும் பலகை) கத்தியால் சுரண்டித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வேகமான வழி. அழகாக வந்துவிட்ட கண்ணை அழிக்க மனம் வராது, தெரியும். தப்பான இடத்தில் இருக்கும் அழகான கண் மற்ற எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக் கெடுக்கும்.

*எப்போது ஆளைப் பார்ப்பது*

அடுத்தடுத்த மூன்று நகல்களில் பிழை ஒரே பக்கம் சாய்ந்தால் ஆசிரியரிடம் போங்கள். முடிந்த படத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், நீங்கள் வரையும்போது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கும் பழக்கமும் ஈஸல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) நிற்கும் கோணமும் படத்தில் தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறவர்கள் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடியின் ஓரங்கள் வடிவத்தை வளைத்துக் காட்டும். ஈஸல் தூரத்துக்கென்று ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடி எழுதித் தருவார்.

அறிகுறி 2: சாயல் இருக்கிறது, முகம் தட்டையாக இருக்கிறது

இதற்கு வண்ணத்தை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். வண்ணத்துக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. டோன், அதாவது எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதில்தான் பிழை.

சோதனை எளிது. மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே பிரேமில் வரும்படி போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் போன் வெளிச்சத்தைத் தானாக மாற்றிவிடும், ஒப்பீடு செல்லாது.

போட்டோவில் நகலின் நிழல்கள் மூலத்தைவிட வெளிறி இருந்தால், இருட்டாக்கப் பயந்திருக்கிறீர்கள். வெள்ளைக் கேன்வாஸில் தொடங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். வெள்ளையின் மேல் எந்த வண்ணமும் இருட்டாகத் தெரிவதால் கை முன்கூட்டியே நின்றுவிடும். அடுத்த தடவை கேன்வாஸ் முழுவதும் நடுத்தரப் பழுப்பு பூசிக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

நிழல் ஆழமாகவே இருந்தும் தட்டை என்றால் நிழலுக்குள் பாருங்கள். நிழலில் தெரியும் சின்னச் சின்ன வெளிச்சங்களை அளவுக்கு மீறி ஏற்றியிருப்பீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மூலத்தில் நிழல் ஒரே துண்டாகச் சேரும், நகலில் பொத்தல் பொத்தலாகத் தெரியும். விதி இதுதான்: நிழலுக்குள் இருக்கும் அதிகபட்ச வெளிச்சம், வெளிச்சத்துக்குள் இருக்கும் மிக இருண்ட இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் வண்ணத்தின் தடிப்பைப் பாருங்கள். வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கும் ரெம்பிராண்டின் 1659 சுய உருவப்படத்தில் நெற்றியிலும் மூக்கிலும் வண்ணம் தடித்து நிற்கிறது, நிழல்கள் மெல்லிய படலமாகக் கிடக்கின்றன. தடித்த வண்ணம் அறையின் வெளிச்சத்தை வாங்கி முன்னால் வரும், மெல்லிய படலம் பின்னால் போகும். முகம் முழுவதும் ஒரே தடிப்பில் பூசினால் டோன் சரியாக இருந்தும் பாதி விளைவுதான் கிடைக்கும்.

அறிகுறி 3: தோல் நிறம் சரியில்லை

வண்ணத்தைத் தொடும் முன் இரண்டு விஷயம். படத்தைத் திரையில் பார்க்கிறீர்கள் என்றால் இரவு நேர மஞ்சள் வடிகட்டியையும், தானாக மாறும் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். பிறகு விளக்கு. மஞ்சள் பல்பின் கீழ் கலந்த தோல் நிறம் பகல் வெளிச்சத்தில் நீலம் பாரித்துத் தெரியும். பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள், இல்லையென்றால் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பு. பேலட்டும் கேன்வாஸும் ஒரே விளக்கின் கீழ் இருக்கட்டும்.

*சுண்ணாம்பு பூசியது போல இருந்தால்*

வெள்ளை அதிகம். பழைய ஓவியர்கள் பயன்படுத்தியது ஈய வெள்ளை. இன்று ட்யூபில் வருவது பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. இது பலமடங்கு வீரியமானது, குளிர்ச்சியும்கூட. அந்த ஓவியர் கலந்த அளவுக்கு நீங்களும் கலந்தால் தோல் வெளிறிப் போகும். வெளிச்சத்தை ஏற்ற வெள்ளையோடு துளி மஞ்சள் காவியோ சிவப்போ சேருங்கள். ஈய வெள்ளையே வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நச்சு, பழகும் கட்டத்தில் தேவையும் இல்லை.

*சேறாகிவிட்டால்*

ஈர வண்ணத்தின் மேல் திரும்பத் திரும்பத் தேய்த்ததுதான் காரணம். ஒரு வண்ணத்தை வைத்தால் கையை எடுத்துவிடுங்கள், இரண்டாவது தடவை தொட வேண்டாம். வெளிச்சத்துக்கு ஒரு பிரஷ், நிழலுக்கு ஒரு பிரஷ். ஏற்கெனவே சேறாகிவிட்ட இடத்தில் மேலும் வண்ணம் ஏற்றாமல் துடைத்துவிடுங்கள், அல்லது காயவிட்டு மேலே போடுங்கள். பேலட்டில் பன்னிரண்டு வண்ணம் பிதுக்கி வைத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் நான்கு வண்ணப் பேலட் போதும்: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சூடான தோலின் பக்கத்தில் நீலமாகவே தெரியும்.

*ஒரே ஆரஞ்சாக இருந்தால்*

வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தில் சாம்பலோ பச்சை கலந்த சாம்பலோ இல்லை என்று பொருள். ஒரு சாம்பல் நிற அட்டையில் சின்னத் துளை போட்டு மூலத்தின் அந்த இடத்தில் வையுங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் "தோல் நிறம்" என்று நினைத்தது மங்கிய பச்சையாகவோ ஊதா கலந்த சாம்பலாகவோ தெரிவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். இந்தத் துளை அட்டையை எல்லாரும் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

*எல்லாம் மஞ்சள் பாரித்திருந்தால்*

மூலத்தின் மேல் இருக்கும் பழைய வார்னிஷ் மஞ்சளானதை நீங்கள் நகலெடுத்திருக்கலாம். ஓவியம் சுத்தம் செய்யப்பட்ட பின் எடுத்த படம் கிடைக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் தளத்தில் பாருங்கள். வெடிப்புகளையும் நகலெடுக்க வேண்டாம். அது காலத்தின் வேலை, ஓவியரின் கை அல்ல.

*எப்போது ஆளைப் பார்ப்பது*

விளக்கு, திரை, பேலட் மூன்றையும் மாற்றிய பிறகும், உங்களுக்குச் சரியாகத் தெரியும் வண்ணம் மற்றவர்களுக்கெல்லாம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளுங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு குறைவாகத் தெரியும் நிலை ஆண்களிடம் கணிசமாக உண்டு, பலருக்கு அது தெரியாமலே இருக்கும். வயதானவர்களுக்குக் கண்புரை நிறத்தை மஞ்சளாக்கும். குளோட் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்டவர். நிறப்பார்வைக் குறை இருந்தால் ஓவியத்தை விட வேண்டியதில்லை, டோனை நம்பி, ட்யூபின் பெயரைப் பார்த்துக் கலக்கலாம்.

அறிகுறி 4: முகம் வெட்டி ஒட்டியது போல நிற்கிறது

ஓரங்கள் எல்லாம் ஒரே கூர்மையில் இருக்கின்றன. மூலத்தின் முன் உட்கார்ந்து தலையின் வெளிக்கோட்டை ஒரு சுற்று கண்ணாலேயே நடந்து வாருங்கள். எங்கே கத்தி போல இருக்கிறது, எங்கே கரைகிறது, எங்கே காணாமலே போகிறது என்று தாளில் குறியுங்கள். வெர்மீரின் அந்தப் பெண்ணுக்கு மூக்குத்தண்டையும் தூரத்துக் கன்னத்தையும் பிரிக்கும் கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்சமாகச் சேர்ந்துவிடுகின்றன. நகலெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே ஒரு கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். மூலத்தில் இல்லாததை மனம் வரைகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெஸின் ஹுவான் டி பரேஹா (1650) படத்தில் முடியின் ஓரம் பின்னணியோடு கரைவதையும் பாருங்கள்.

இரண்டாவது காரணம் பின்னணி. முகத்தை முடித்துவிட்டுக் கடைசியில் ட்யூபிலிருந்து நேராகக் கறுப்பை எடுத்துச் சுற்றிலும் பூசினால் வெட்டி ஒட்டியது போலத்தான் வரும். முதல் நாளே பின்னணியையும் சேர்த்துப் போடுங்கள், ஓரம் ஈரமாக இருக்கும்போதே இரண்டையும் உரசவிடுங்கள். வெர்மீரின் அந்தக் கறுப்புப் பின்னணிகூட வெறும் கறுப்பாக இருந்ததில்லை. 2018இல் தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகம் ஆராய்ந்தபோது அது ஒரு பச்சைத் திரையாக வரையப்பட்டிருந்தது தெரிந்தது. காலப்போக்கில் அந்தப் பச்சை மங்கிப்போயிற்று.

அறிகுறி 5: கண்ணில் உயிரில்லை, முறைக்கிறது

கண்ணின் வெள்ளையை வெள்ளையாகப் போட்டிருப்பீர்கள். துளை அட்டையை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது நெற்றியைவிட இருண்ட சாம்பல். மேல் இமையின் நிழல் அதன் மேல் விழுவதும் இருக்க வேண்டும். ஒளிப்புள்ளியைக் கடைசியில், ஒரே தொடலில் வையுங்கள். கருவிழியைச் சுற்றி முழு வட்டம் போட்டிருந்தால் ஓரிரு இடத்தில் அழித்துக் கரையுங்கள். இவ்வளவு செய்தும் முறைத்தால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள், கண் இடம் தவறியிருக்கிறது.

அறிகுறி 6: வரைந்தபோது நன்றாக இருந்தது, காய்ந்ததும் கறுத்து மங்கிவிட்டது

பதறி மறுபடி வரைய வேண்டாம். சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சில இடம் பளபளப்பாகவும் சில இடம் மங்கலாகவும் இருந்தால், மங்கலான இடத்தில் எண்ணெயை அடித்தளம் உறிஞ்சிவிட்டது. நிழல்களில், அதுவும் அம்பர் பழுப்பு போட்ட இடங்களில் இது அதிகம்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, துளி ஆளிவிதை எண்ணெயை மங்கிய இடத்தில் மிக மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைச் சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். முதல் நாள் வண்ணம் அப்படியே திரும்பிவரும். துடைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தங்கும் எண்ணெய் பின்னால் மஞ்சளாகும்.

எல்லா நகலிலும் இது வந்தால் கேன்வாஸின் பூச்சு அதிகமாக உறிஞ்சுகிறது, அல்லது டர்பென்டைன் கூடுதலாகக் கலக்கிறீர்கள். டர்பென்டைனைக் குறைத்துப் பாருங்கள், போதாவிட்டால் கேன்வாஸை மாற்றுங்கள்.

அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக்குவியல் காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். டர்பென்டைன் வாசனையில் தலைவலி வந்தால் ஜன்னலைத் திறந்து வேலையை நிறுத்துங்கள். தொடர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 7: வண்ணம் வெடிக்கிறது

சில வாரங்களிலேயே வெடிப்பு வந்தால், மெதுவாகக் காயும் அடுக்கின் மேல் வேகமாகக் காயும் அடுக்கைப் போட்டிருக்கிறீர்கள். கீழே எண்ணெய் குறைவாக, மேலே எண்ணெய் கூடுதலாக என்பதுதான் வரிசை. எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் கூடவே கூடாது. பயிற்சி நகல் என்றால் பழுதுபார்ப்பதில் நேரம் செலவிடாமல் புதிதாகத் தொடங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய ஓவியம் ஒன்றில் வெடிப்பைப் பார்த்தால் கதை வேறு. எதையும் தடவாமல் ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி 8: நகல் அருமையாக வருகிறது, சொந்தமாக வரைந்தால் ஒன்றும் வரவில்லை

மேலே சொன்ன ஏழைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். இது படத்தில் தெரியாது. சுவர் நிறைய நல்ல நகல்கள் இருக்கும், எதிரே ஒரு ஆளை உட்கார வைத்தால் கை நின்றுவிடும்.

முதலில் கட்டங்களை நீக்கிப் பாருங்கள். கட்டம் இல்லாமல் சாயல் வரவில்லை என்றால் இதுவரை இடம் மாற்றிப் பதித்திருக்கிறீர்கள், பார்க்கவில்லை. அடுத்த நகலில் கட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், அதற்கடுத்ததில் நடுக்கோடுகள் இரண்டு மட்டும், பிறகு தூக்குநூல் மட்டும்.

கட்டம் காரணம் இல்லையென்றால் வரிசை. ஒரு கண்ணை முழுவதும் முடித்து, அடுத்த கண்ணை முடித்து, மூக்குக்கு வருகிறீர்களா? அந்த ஓவியர் அப்படி வேலை செய்திருக்கமாட்டார். முடிந்த மேற்பரப்பை நகலெடுப்பதால் அவர் எடுத்த முடிவுகள் உங்களுக்கு வந்து சேராது. ஒரே மூலத்தை மூன்று முறை செய்யுங்கள்: வெளிச்சம், நிழல் என்ற இரண்டே டோனில் ஒன்று, பழுப்பு மட்டும் வைத்து ஒன்று, அப்புறம்தான் வண்ணத்தில்.

அடுத்தது, நினைவிலிருந்து போடுவது. நகல் முடிந்ததும் இரண்டையும் மறைத்துவிட்டு அதே தலையைச் சின்னதாக வரையுங்கள். எங்கே கை தடுமாறுகிறதோ அங்கே பார்க்காமல் நகலெடுத்திருக்கிறீர்கள். மூலத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

நான் அதிகம் நம்புவது கடைசி வழியை: நகலில் ஒன்றை வேண்டுமென்றே மாற்றுங்கள். ரூபென்ஸ் 1628-29இல் மாட்ரிட்டில் இருந்தபோது டிஷியனின் ஆதாம் ஏவாள் படத்தை நகலெடுத்தார். அப்போதே அவர் பேர்பெற்ற ஓவியர். ஆனாலும் நகலெடுத்தார், எடுக்கும்போதே ஆதாமின் உடல் இருக்கும் நிலையை மாற்றினார், மரத்தில் ஒரு கிளியையும் சேர்த்தார். இரண்டு படங்களும் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீங்கள் கிளி வரைய வேண்டாம். அதே விளக்குக் கோணம், அதே நான்கு வண்ணம், அதே பின்னணி வைத்து, முகத்தை மட்டும் கண்ணாடியில் தெரியும் உங்கள் முகமாக மாற்றுங்கள். ஒவ்வொரு நகலுக்கும் இப்படி ஒரு சுய உருவப்படம் ஜோடியாக இருக்கட்டும்.

நான்கைந்து ஜோடிக்குப் பிறகும் இரண்டுக்கும் இடையே இடைவெளி குறையவில்லை என்றால் ஆசிரியர் வேண்டும். போகும்போது நல்ல நகல்களை வீட்டில் வைத்துவிட்டு, ஜோடிகளையும் பாதியில் நின்ற சொந்தப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றின் பின்புறமும் எழுதி வைத்திருந்தால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.